அக்கரையிலிருந்து ஒரு வார்த்தை

"எல்லோருக்கும் ஒரு வார்த்தை சொன்னீர்கள். எனக்கு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை," என்றான் சேந்தன்.

நங்கை அம்மை முற்றத்தில் காயப் போட்டிருந்த சுக்கைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"'போய் வா' என்று சொன்னேனே."

"அது எல்லோரிடமும் சொல்வது."

"உன்னிடம் சொன்னது உன்னிடம் சொன்னதுதான்."

சேந்தன் நகரவில்லை. மூட்டை தோளில் தொங்கியது. ஒன்பது வருடம் அந்த மருத்துவப் பள்ளியில் படித்தவன். அன்று காலை ஏழு பேர் படிப்பை முடித்து வெளியேறினார்கள். ஏழு பேரில் முதலாவதாக வந்தவன் அவன்தான். பன்னிரண்டு ஏடுகளையும் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பான். எந்த ஏட்டில் எந்த இடத்தில் செல் அரித்திருக்கிறது என்பதுகூட அவனுக்குத் தெரியும்.

மற்ற ஆறு பேரும் அம்மையை வணங்கி எழுந்தபோது, ஒவ்வொருவர் காதிலும் அவர் ஏதோ சொன்னார்.

எந்நேரமும் பேசிக்கொண்டே இருக்கும் பூவணனிடம், "நோயாளி பேசி முடித்த பிறகு பத்து எண்ணு, அப்புறம் வாயைத் திற," என்றார்.

அரண்மனை வேலைக்குப் போகிற மாசாத்தனிடம், "பசியோடு வருகிறவனுக்கு நாடி பார்க்காதே. முதலில் சோறு போடு," என்றார்.

இன்னொருவனிடம், "உன் அம்மாவைப் போய்ப் பார். மூன்று வருடம் ஆயிற்று," என்றார். அவன் அங்கேயே அழுதுவிட்டான்.

சேந்தன் வணங்கினான். எழுந்தான். காதை நீட்டிக்கொண்டு நின்றான்.

"போய் வா."

அவ்வளவுதான்.

இப்போது மற்றவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். முற்றத்தில் இவர்கள் இரண்டு பேர் மட்டும்.

"நான் ஏதாவது தவறு செய்துவிட்டேனா, அம்மா?"

"இல்லையே."

"பிறகு ஏன்?"

நங்கை அம்மை கையைத் தட்டிவிட்டு எழுந்தார். அவர் வயதானவர் அல்ல. சேந்தனைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவர். தகப்பனார் திடீரென்று இறந்துபோக, பள்ளி அவர் தலையில் விழுந்தது. "இந்தப் பெண்ணிடமா படிப்பது?" என்று அன்றைக்குப் பாதிப் பேர் மூட்டை கட்டினார்கள். சேந்தன் இருந்துவிட்டான். எந்த நோயாளி வந்தாலும் அவன் அம்மையின் வலது பக்கம், ஒரு அடி பின்னால் நிற்பான். அந்த இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

"ஆறு வரைக்கும் வருகிறேன், வா," என்றார்.

சேந்தனின் முகம் மலர்ந்தது. வேறு யாருடனும் அவர் ஆறு வரை போகவில்லை.

வழியில் சொல்வார் என்று நினைத்தான்.

வழியெல்லாம் அவர் எதுவும் பேசவில்லை.

இறங்குதுறை வந்தது. இரண்டு மலைகளுக்கு நடுவே ஆறு ஒடுங்கி ஓடுகிற இடம் அது. சாதாரண நாளில் இந்தக் கரையில் தும்மினால் அந்தக் கரையில் கேட்கும்.

பரிசல்காரர் பொங்கியண்ணன் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தண்ணி நெறம் மாறுதுங்க அம்மா. மேக்க மலையில நல்ல மழை. ஒரே ஒரு நடைதான் போவேன். அப்புறம் கூப்பிடாதீங்க."

சேந்தன் பரிசலில் ஏறவில்லை. அம்மையின் முன்னால் நின்றான்.

"அம்மா, வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது."

"என்ன பயம்?"

"இத்தனை வருடம் நான் மருந்து கொடுத்தேன். முன்னால் நீங்கள் இருந்தீர்கள். நான் தப்பாக அரைத்தால் நீங்கள் இருமுவீர்கள். உடனே எனக்குப் புரிந்துவிடும். நாளையிலிருந்து யார் இருமுவார்கள்?"

அம்மை சிரிக்கவில்லை.

"அதற்குத்தான் ஒரு வார்த்தை கேட்கிறேன். படித்ததெல்லாம் கைவிட்டுப் போகிற நேரத்தில் பிடித்துக்கொள்ள ஒரே ஒரு வார்த்தை."

"தண்ணீர் ஏறுகிறது. ஏறு," என்றார் அம்மை.

பரிசல் நடு ஆற்றில் இரண்டு முறை சுழன்றது. பொங்கியண்ணனின் துடுப்பு வளைந்தது. அக்கரையில் காலை வைத்தபோது சேந்தனுக்கு ஆற்றைவிட அம்மையின் மேல்தான் கோபம். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்தான்.

பார்த்தான்.

அவர் அங்கேயே நின்றிருந்தார்.

அந்த நேரத்தில்தான் மலைப்பாதையில் ஆட்கள் இறங்கி வந்தார்கள். நான்கு பேர் ஒரு கயிற்றுக் கட்டிலைச் சுமந்துகொண்டு ஓடிவந்தார்கள். கட்டிலில் ஒரு பெண். பின்னால் ஒரு கிழவி மூச்சு வாங்க வந்துகொண்டிருந்தாள்.

"பரிசல்! பரிசல்!"

பொங்கியண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் கண் முன்னாலேயே, சற்று முன் பரிசல் நின்ற கல் தண்ணீருக்குள் போய்விட்டது.

"இனி ஆகாதுங்க. எறக்குனா ஒருத்தர் மிஞ்ச மாட்டோம்."

கட்டிலைச் சுமந்தவர்களில் ஒருவன் அப்படியே மணலில் முழங்காலிட்டான். அவன் பெயர் செல்லாண்டி, ஆடு மேய்க்கிறவன். கட்டிலில் இருப்பவள் அவன் மனைவி வேலாத்தாள்.

கிழவி அவன் தாய் நாச்சக்காள். அவள்தான் பேசினாள்.

"ரெண்டு மலை எறங்கி வாரமுங்க. நங்கையம்மாகிட்டப் போனாப் போதும்னு வந்தோம். மொதோ ரெண்டு கொழந்தையும் தங்கலைங்க. இதாவது..."

அக்கரையில் தெரிகிற உருவத்தைப் பார்த்துக் கும்பிட்டாள்.

பொங்கியண்ணன் சேந்தனைக் காட்டினார். "இவரு அம்மாவோட மாணாக்கருங்க. வைத்தியருதான்."

தன்னை ஒருவர் வைத்தியர் என்று சொல்லிச் சேந்தன் கேட்டது அதுதான் முதல் தடவை. யாரைச் சொல்கிறார் என்று ஒரு கணம் பின்னால் திரும்பிப் பார்த்தான்.

கட்டிலைப் பரிசல் கொட்டகைக்குள் கொண்டுபோனார்கள். மூன்று பக்கம் ஓலைத் தட்டி, ஆற்றைப் பார்த்த பக்கம் திறப்பு. சேந்தன் கையைக் கழுவிக்கொண்டு வந்து வேலாத்தாளின் வயிற்றைத் தொட்டான். மேலே கெட்டியாக, உருண்டையாக ஒன்று தட்டுப்பட்டது. தலை. இருக்கக் கூடாத இடத்தில், மேலே, தலை.

குழந்தை கால் மாறி வந்துகொண்டிருந்தது.

அவன் மனதில் ஏடுகள் புரண்டன. உடனே கிடைத்தது. நான்காவது ஏடு: "காலோ இடுப்போ தெரிந்ததும் பற்றி இழு. தாமதித்தால் சிசுவின் மூச்சு அடைபடும்."

அதன் பின்னாலேயே இன்னொன்றும் வந்தது. ஒன்பதாவது ஏடு: "தொடாதே. இழுத்தால் சிசுவின் கைகள் மேலே மடங்கும். தலை சிக்கும்."

இரண்டையும் ஒரே நாளில் ஒப்பித்துப் பாராட்டு வாங்கியவன் அவன். ஒன்றுக்கொன்று எதிராக இருக்கிறது என்று அன்றைக்கு அவனுக்குத் தோன்றவே இல்லை.

வேலாத்தாள் அலறினாள்.

சேந்தன் கொட்டகையை விட்டு வெளியே ஓடினான். தண்ணீர் விளிம்பு வரை ஓடினான். முழங்கால் நனைந்தது.

"அம்மா! இழுக்கட்டுமா? காத்திருக்கட்டுமா?"

ஆறு அவன் குரலை அவன் வாயிலிருந்தே பிடுங்கிக்கொண்டு போயிற்று.

"அம்மா! குழந்தை கால் மாறி வருகிறது! இழுக்கட்டுமா? காத்திருக்கட்டுமா?"

அக்கரையில் நங்கை அம்மை பாறையின் மேல் ஏறினார். இரண்டு கைகளையும் வாயில் குவித்துக்கொண்டார். ஏதோ சொன்னார். உடம்பு முழுவதும் முன்னால் வளைய, திரும்பவும் சொன்னார். மூன்றாவது முறையும் சொன்னார்.

சேந்தன் காதைப் பொத்தி எடுத்துப் பார்த்தான். தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

தண்ணீர்ச் சத்தம். வேறொன்றும் இல்லை.

ஒன்பது வருடமாகக் காத்திருந்த வார்த்தை. இதோ சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒரு எழுத்துக்கூட வந்து சேரவில்லை.

அவன் கொட்டகைக்குத் திரும்பினான். வாசலில் நாச்சக்காள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா என்னங்க சாமி சொன்னாங்க?"

செல்லாண்டியும் அவனைப் பார்த்தான். கட்டில் சுமந்து வந்த மூன்று பேரும் பார்த்தார்கள். அவன் வாயிலிருந்து என்ன வருகிறதோ, அதைப் பிடித்துக்கொண்டு நிற்கப்போகிறவர்களின் கண்கள்.

"சொல்லிவிட்டார்," என்றான் சேந்தன்.

"என்னன்னுங்க?"

"உள்ளே வாருங்கள். சொல்கிறேன்."

வேலாத்தாள் கட்டிலில் படுக்க மறுத்தாள். கொட்டகை விட்டத்தில் பரிசல் கட்டுகிற கயிறு தொங்கியது. அதைப் பிடித்துக்கொண்டு முழங்காலில் நின்றாள். சேந்தன் அவள் முகத்தைப் பார்த்தான். இத்தனை வருடம் அவன் நோயாளிகளைப் பார்க்கும்போதெல்லாம் ஓரக்கண்ணால் அம்மையின் முகத்தைத்தான் பார்த்திருக்கிறான். இன்று பார்க்க இந்த முகம் ஒன்றுதான் இருந்தது. வியர்வையில் நனைந்திருந்தது. பயம் இருந்தது. ஆனால் அவள் எதையோ உற்றுக் கேட்டுக்கொண்டிருந்தாள், தன் உடம்புக்குள்ளேயே.

"தாயே, உனக்கு எப்படி இருக்கிறது?" என்று கேட்டான்.

"வருதுங்க," என்றாள் அவள். "தானா வருது. கையை வெக்காதீங்க."

இடுப்பு தெரிந்தது. கால்கள் மடங்கி, ஒன்றன்பின் ஒன்றாக நழுவின.

"இழுங்க சாமி! இழுங்க!" என்று நாச்சக்காள் கத்தினாள்.

சேந்தனின் கைகள் தாமாகவே நீண்டன.

அவன் அவற்றை இழுத்துத் தன் தொடைகளின் மேல் வைத்து அழுத்திக்கொண்டான்.

"காத்திருக்கச் சொன்னார்," என்றான். "அம்மா காத்திருக்கச் சொன்னார்."

நாச்சக்காள் மருமகளின் முதுகைத் தாங்கிக்கொண்டாள்.

தொப்புள் வரை வந்துவிட்டது. கொடி தெரிந்தது. அதன் மேல் ஒற்றை விரலை வைத்தான். துடித்தது. துடித்தது. நின்றது. அவன் மூச்சும் நின்றது. மறுபடி துடித்தது.

ஏட்டில் இது ஒரு வரி. அந்த வரிக்குள் இவ்வளவு நேரம் இருக்கும் என்று எந்த ஏடும் சொல்லவில்லை.

பாதி இங்கே, பாதி அங்கே. இங்கே இருந்த பாதியின் கால் விரல்கள் பத்தும் விரிந்தன. காற்று எப்படி இருக்கிறது என்று தொட்டுப் பார்ப்பதுபோல விரிந்தன. சேந்தன் பார்த்துக்கொண்டே இருந்தான். தன் எதிரே நடப்பதை அவன் நடத்தவில்லை. அதை யாரும் நடத்தவில்லை. மலையில் பெய்த மழை ஆற்றில் வந்து இறங்குவதுபோல அது பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. தனக்குக் கிடைத்திருப்பது அதன் பக்கத்தில் உட்கார ஓர் இடம்.

ஒரு வலி. மார்பு வந்தது. மார்பில் கட்டிக்கொண்டிருந்த கைகள் ஒவ்வொன்றாக விடுபட்டன. இன்னொரு வலி. பிடரி தெரிந்தது, ஈரமான கறுத்த முடியோடு.

இப்போது. இதுதான் நேரம். அதை எந்த ஏட்டிலிருந்தும் அவன் எடுக்கவில்லை. கண்ணுக்குத் தெரிந்தது.

இரண்டு கைகளையும் கொடுத்து உடம்பைத் தாங்கினான். தாயின் வயிற்றை நோக்கி மெல்ல, மிக மெல்ல உயர்த்தினான். மோவாய், வாய், மூக்கு, நெற்றி.

பெண் குழந்தை.

நீலமாக இருந்தது. அசையவில்லை.

வாயைத் துடைத்தான். முதுகைத் தேய்த்தான். அசையவில்லை. தன் வாயை அதன் வாயிலும் மூக்கிலும் சேர்த்து வைத்து, பூவில் தூசி ஊதுகிற அளவு ஊதினான். மறுபடி ஊதினான். நாச்சக்காள் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள்.

மூன்றாவது முறை ஊதினான்.

குழந்தை முகத்தைச் சுளித்தது. யாரோ ரொம்பவும் தொந்தரவு செய்கிறார்கள் என்பதுபோல. பிறகு வாயைத் திறந்து அழுதது.

ஆற்றின் இரைச்சலுக்கு மேலே அது கேட்டது.

எல்லாம் முடிந்து, கொடியை அறுத்து, வேலாத்தாளுக்கு இரத்தம் அடங்கியதைப் பார்த்த பிறகு, சேந்தன் குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். வெயில் சாய்ந்திருந்தது. அக்கரைப் பாறையில் அம்மை இன்னும் நின்றிருந்தார். எத்தனை நாழிகையாக நிற்கிறாரோ.

சேந்தன் குழந்தையை இரண்டு கைகளிலும் உயரத் தூக்கிக் காட்டினான்.

நங்கை அம்மை பொத்தென்று பாறையில் உட்கார்ந்துவிட்டார். முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார்.

அவர் அப்படி உட்கார்ந்து சேந்தன் பார்த்ததே இல்லை.

மறுநாள் காலை தண்ணீர் வடிந்தது. முதல் நடையில் அம்மை வந்தார். நாச்சக்காள் ஓடிப்போய் மணலிலேயே அவர் காலில் விழுந்தாள்.

"ஆத்துக்கு அந்தப்பக்கம் நின்னே காப்பாத்திட்டீங்களே தாயி! காத்திருன்னு சொன்னீங்களே!"

அம்மை கிழவியைத் தூக்கினார். சேந்தனைப் பார்த்தார். சேந்தன் தலையைக் குனிந்துகொண்டான்.

கொட்டகைக்குள் போய்த் தாயையும் பிள்ளையையும் பார்த்தார். தாயின் நாடியைப் பிடித்தார். குழந்தையின் கால்களை மடக்கி நீட்டினார். பிறகு தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார்.

"சொல்லு," என்றார் சேந்தனிடம்.

"எதை?"

"எல்லாவற்றையும். முதலில் இடுப்பா, காலா?"

சேந்தன் சொன்னான். அவர் குறுக்கே குறுக்கே கேட்டார். கொடி எத்தனை துடிப்புக்கு ஒரு முறை நின்றது? கைகள் மார்பில் இருந்தனவா? பிடரி தெரிந்ததும் எந்தப் பக்கம் தூக்கினாய்? காட்டு. இன்னொரு தரம் காட்டு. அவன் காட்டியதைத் தன் கைகளால் காற்றில் செய்து பார்த்துக்கொண்டார்.

"இது உங்களுக்குத் தெரியாதா, அம்மா?"

"மூன்று தடவை பார்த்திருக்கிறேன். மூன்றிலும் அப்பா இழுத்தார். ஒன்றுதான் பிழைத்தது."

சேந்தன் நாச்சக்காளைத் திரும்பிப் பார்த்தான். இனியும் மறைக்க முடியாது என்று தோன்றியது.

"அம்மா, நான் இவர்களிடம் பொய் சொன்னேன். நீங்கள் சொன்னது எனக்குக் கேட்கவே இல்லை. காத்திருக்கச் சொன்னீர்கள் என்று நானாகச் சொன்னேன்."

நாச்சக்காள் வாயைப் பிளந்தாள். செல்லாண்டி எழுந்து நின்றான்.

கட்டிலிலிருந்து வேலாத்தாள் சொன்னாள், குழந்தையை விட்டுக் கண்ணை எடுக்காமலேயே.

"எனக்கு அப்பவே தெரியுமுங்க. என்ற சத்தமே எனக்குக் கேக்கலை. அக்கரைச் சத்தம் இவருக்கு எப்படிக் கேக்கும்?"

"தெரிந்துமா சும்மா இருந்தாய்?" என்றான் சேந்தன்.

"கையை வெக்காதீங்கன்னு சொன்னேன், வெக்கலை. அப்புறம் யாரு சொன்னா என்னங்க?"

சொல்லிவிட்டுக் குழந்தையை மறுபக்கம் மாற்றிப் பால் கொடுத்தாள்.

அம்மை எழுந்து வெளியே வந்தார். சேந்தன் பின்னாலேயே வந்தான். பழக்கத்தில் வலது பக்கம், ஒரு அடி பின்னால் நின்றான். அம்மை ஒரு அடி பின்னுக்கு வந்து அவனுக்குச் சமமாக நின்றுகொண்டார். இருவரும் ஆற்றைப் பார்த்தார்கள்.

"அம்மா."

"ம்."

"நேற்று மூன்று முறை கத்தினீர்கள். அந்த வார்த்தை என்ன? இனி அது எனக்கு உதவாமல் போகலாம். இருந்தாலும் தெரிந்துகொள்ள வேண்டும்."

"நீ கேட்டது எனக்கும் கேட்கவில்லை."

"பிறகு என்ன சொன்னீர்கள்?"

நங்கை அம்மை அக்கரையைக் காட்டினார். அவர் நின்றிருந்த பாறை இங்கிருந்து சின்னதாகத் தெரிந்தது.

"'அங்கே உனக்கு என்ன தெரிகிறது?' என்று கேட்டேன். அங்கிருந்து எனக்கு ஒன்றும் தெரியவில்லை, சேந்தா."